கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிய ஆடிட்டர்

தயாராகாமல் போய்த் தோற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். "படிக்கவே இல்லப்பா, அதான் போச்சு" என்று ஒரே வரியில் தப்பித்துவிடுகிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. ராப்பகலாகத் தயாராகி, ஊருக்கெல்லாம் சொல்லி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குப்புற விழுகிற ரகம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து தலை தீபாவளிக்கு அதிரசம் சுட்டது வரை அப்படித்தான். ஆனால் அவையெல்லாம் சில்லறைத் தோல்விகள். மொத்த வியாபாரமாகத் தோற்றது ஒரே ஒரு முறைதான். விருத்தாசலத்தில், என் மாமனாரின் பீங்கான் யூனிட்டில், தர ஆடிட் நடந்த அன்று.

மாமனாருடையது சின்ன யூனிட். ஓட்டல்களுக்கு டீ கப் செய்கிறோம். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே என்னைத் தரப் பொறுப்பாளராக்கி ஒரு மேசையும் கொடுத்துவிட்டார்கள். (கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு உப்பு என்ன உப்பு என்று கண்டுபிடிப்பது. சாம்பாரில் அது எவ்வளவு என்று இன்னும் பிடிபடவில்லை என்பது என் மாமியாரின் கருத்து.)

வியாபாரம் அப்போது படுத்துக் கிடந்தது. டீக்கடைகள் எல்லாம் காகிதக் கப்புக்கு மாறிவிட்டன. வாரம் தவறாமல் எரிந்த சூளை, நினைத்துக்கொண்டால் எரிய ஆரம்பித்தது. ஒருநாள் நெல் வியாபாரி ஒருவர் வந்து, "சும்மா கெடக்குற கொட்டாய வாடகைக்கி வுட்டா மூட்ட அடுக்கிக்குவன்" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த டேப்பால் சுவரை அளக்கவும் தொடங்கினார். மாமனார் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் இருக்கிற ஒரு ஓட்டல் கம்பெனி எங்கள் கப்பைப் பார்த்துப் பிடித்துப்போய், தரச் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடுங்கள், வருஷம் முழுக்க ஆர்டர் தருகிறோம் என்றது. சான்றிதழ் கிடைத்தால் சூளை எரியும். கிடைக்காவிட்டால் கொட்டகையில் நெல் மூட்டை. குடும்பமே என் மேசையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கிடைத்ததையெல்லாம் படித்ததில் ஒரு விஷயம் என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. தரம் என்பது தொழிலாளியின் மனதில் இருக்க வேண்டும். சரி, மனதில் வைத்துவிடுவோம் என்று தினமும் காலையில் ஒரு தரக் கூட்டம் ஆரம்பித்தேன். மெஷினில் கப் அடிக்கிற ஆண்கள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள், அவர்களை நிறுத்த முடியாது. அதனால் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற பெண்கள்தான் எனக்கு அகப்பட்டார்கள். கம்மாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவர்களை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, நானே எழுதிய தர உறுதிமொழியைச் சொல்ல வைப்பேன். அதற்குப் பிறகு ஒரு சொற்பொழிவு. (பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் போனவர்களைக் கல்யாணத்துக்குப் பிறகும் கண்காணிக்க வேண்டும்.)

அந்தப் பெண்களில் மூத்தவர் செல்லக்கிளி அக்கா. முதல் வாரமே கேட்டார்.

"ஏம்மா வாணி, நின்னுக்கினே கேக்குறமே, இத ஒக்காந்து கேட்டா மனசுல ஏறாதா?"

"நின்னு கேட்டாதாங்க்கா தூக்கம் வராது" என்றேன்.

"தூக்கம் வரும்னு ஒனக்கே தெரியிதுல்ல" என்றார் அவர்.

இந்தக் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு விநோதம் நடந்தது. உடைசல் கூடிக்கொண்டே போயிற்று. சூளையிலிருந்து வெளியே வரும் கப்புகளில் கைப்பிடி ஒட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மாமனார் மண் சரியில்லை என்று மண்காரரைத் திட்டினார். சூளையைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் அண்ணன், பக்கத்து யூனிட்காரன் கண்ணு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டினார். நான் மட்டும் அறிவியல் முறையில் சிந்தித்து, பெண்களுக்கு ஈடுபாடு போதவில்லை என்று கண்டுபிடித்தேன். கூட்டத்தை நீட்டினேன். உடைசல் இன்னும் கூடியது. நானும் விடவில்லை, இன்னும் நீட்டினேன். கடைசியில் என் சொற்பொழிவு ஒரு மணி நேரத்தைத் தாண்டி, பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டார்கள்.

ஆடிட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கொட்டகைக்குப் பின்னால் உடைந்த கப்பும் விரிசல் விட்ட கப்பும் குன்று மாதிரி கிடந்தன. வழக்கமாகப் பள்ளம் மூட அள்ளிக்கொண்டு போகிற டிராக்டர்காரர், அறுவடைக்கு வண்டி ஓட்ட நல்லூர் பக்கம் போய்விட்டார். வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி ஒளித்து வைப்பது போல, இதையும் எங்காவது ஒளித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பூட்டுப் போடும் வசதியோடு யூனிட்டில் இருந்த ஒரே அறை, பெண்கள் பாத்ரூம்.

"ஆடிட்டருக்கு அங்க என்ன வேல இருக்குது?" என்று என் கணவர் பாஸ்கரிடம் கேட்டேன்.

"ஆடிட்டரு லேடீஸா இருந்தா?"

"கிருபான்னு பேரு. கிருபாகரனாத்தான் இருக்கும். ஆடிட்டருன்னா வழுக்கத் தலயோட, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ஆளு வருவாரு" என்றேன் உறுதியாக. ('பெண்களால் முடியாத வேலை எது?' என்ற தலைப்பில் பேசிக் கோப்பை வாங்கியவள் நான்தான்.)

உடைசலையெல்லாம் கூடை கூடையாக அள்ளி, பாத்ரூமுக்குள் கூரை வரை அடுக்கி, கதவைத் தோளால் தள்ளிப் பூட்டினோம். ஆண்கள் பாத்ரூமுக்கு வெள்ளையடித்து, பினாயில் ஊற்றி, புது சோப்பு, தொங்கவிட ஒரு டவல் என்று ஓட்டல் மாதிரி ஆக்கினேன்.

மறுநாள் காலையில் காரிலிருந்து இறங்கியது வெளிர் ரோஜா நிறச் சுடிதார் போட்ட ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். "நான் கிருபா" என்று சிரித்தார். பாஸ்கர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இருந்தாலும் காலைப்பொழுது மோசமில்லை. தரை பளபளவென்று இருந்தது. சுவரெல்லாம் என் வாசகங்கள். நான் எல்லாத் தொழிலாளிகளுக்கும் தரக் கொள்கையை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு சறுக்கல். கிருபா மேடம் கோவிந்தன் அண்ணனிடம், "அண்ணா, உங்க பேரு?" என்று கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தரக் கொள்கையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்து, முடிவில் கும்பிடும் போட்டார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லதுங்கண்ணா. பேரு?" என்றார். அதற்கு அவர் தயாராகி வரவில்லை.

மேடம் நடந்துகொண்டே இருந்தார். கொட்டகையின் மூலைமுடுக்கு, பின்பக்கம், வேலியோரம் என்று எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். "ரிஜெக்ட் எங்க வைக்கிறீங்க?" என்றார்.

"நம்மகிட்ட ரிஜெக்ட்டே வர்றதில்லைங்க மேடம்" என்றேன். இதை எப்படி அவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் உடம்பு கூசுகிறது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

மேடம் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என்னிடம் வந்து, "ரெஸ்ட்ரூம் போகணுமே" என்றார்.

"சாவி தொலஞ்சிபோச்சுங்க மேடம்" என்றேன். இடுப்பில் அந்தச் சாவி கொத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. "வூடு பக்கத்துத் தெருதான். அஞ்சு நிமிஷம். வாங்க, போயிட்டு வந்துடலாம்."

அங்கேதான் என் விதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தது. விதியின் பெயர் அத்தை. அதாவது என் மாமியார்.

வீட்டுக்கு வந்தவர்களை டீ குடிக்காமல் அனுப்புவது அத்தைக்குக் கொலைக்குற்றத்துக்குச் சமம். மேடம் பாத்ரூமிலிருந்து வெளியே வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கப் செய்கிற எங்கள் வீட்டில் நல்ல கப் ஒன்றுகூடக் கிடையாது. நல்லதெல்லாம் விற்பனைக்கு. கோணல், புள்ளி விழுந்தது, விரிசல் விட்டது எல்லாம் வீட்டுக்கு. அதனால் எங்கள் வீட்டில் யாரும் கப்பைக் கைப்பிடியால் தூக்கமாட்டோம். அடியில் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை கொடுத்துத்தான் எடுப்போம். கல்யாணமாகி வந்த முதல் நாளே அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நாளாக ஆக எனக்கும் கைகள் தானாகவே அடியில் போகப் பழகிவிட்டன. உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் கப்பைக் கைப்பிடியால் தூக்குகிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கப் செய்கிற யூனிட்டின் தரப் பொறுப்பாளருக்கு, கைப்பிடி எதற்கு இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

அத்தை முகமெல்லாம் சிரிப்பாக டீயை மேசைமேல் வைத்தார். மேடம் "தேங்க்ஸ்மா" என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

கைப்பிடி வந்தது. கப் வரவில்லை. பாதி தூரம் வந்து யோசித்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க அத்தனை டீயோடும் வெளிர் ரோஜா நிறத்தின்மேல் இறங்கியது. மேடம் துள்ளி எழுந்து நின்றார். விரலில் கைப்பிடி மட்டும் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது.

அத்தை வாயில் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அய்யய்யோ, என்னாம்மா நீ! கைப்பிடியப் புடிச்சா கப்பத் தூக்குவாங்க?"

மேடம் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, "வேற எதம்மா பிடிச்சுத் தூக்குறது?" என்றார்.

"தா பாரு, இப்பிடி. கொழந்தயத் தூக்குற மாரி அடியில கை குடுக்கணும். கைப்பிடி சும்மா அழகுக்குத்தான. எங்க வூட்ல சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும்."

"எல்லாக் கப்புமே இப்படித்தானாம்மா?"

"முன்னல்லாம் ஒண்ணு ரெண்டுதான் வுட்டுக்கும். இப்ப கொஞ்ச மாசமா எத எடுத்தாலும் கையோட வந்துருது" என்று பெருமை குறையாமல் சொன்ன அத்தை, பரணிலிருந்து ஒரு கூடையை இறக்கிக் காட்டவும் செய்தார். நான் பின்னால் நின்று கண்ணால், கையால், கடைசியில் காலால்கூடச் சைகை காட்டினேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் இப்பிடி ஆடுற, ஒனக்கும் பாத்ரூம் வருதா?" என்று கேட்டார்.

மேடத்தின் உடை வீணாகிவிட்டதால் என் சுடிதார் ஒன்றைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்தார். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நல்லவேளை, சூடு பட்டது துணிக்குத்தான், உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

யூனிட்டுக்குத் திரும்பியதும் மேடம் நேராகப் பெண்கள் பாத்ரூம் முன்னால் போய் நின்றார். "உங்க இடுப்புல இருக்கிற சாவில எதுன்னு பாத்துத் திறங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழவாவது செய்திருக்கலாம்.

திறந்தேன். உள்ளே கூரை வரை அடுக்கியிருந்ததெல்லாம் கதவுக்காகவே காத்திருந்த மாதிரி சரிந்து வெளியே கொட்டியது. அந்தச் சத்தம் அடங்கவே நெடுநேரம் ஆனது. நின்றுவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்டபோது, கடைசியாக ஒரு கப் உருண்டு வந்து மாமனாரின் செருப்பில் முட்டி நின்றது.

"உடைஞ்ச கப் ஒண்ணுகூட இல்லாத பீங்கான் யூனிட்ட நான் எங்கயுமே பாத்ததில்லைங்க" என்றார் மேடம். "காலையிலேருந்து இதத்தான் தேடிட்டு இருக்கேன். நீங்க குறைய மறைச்சு வச்சு நல்ல பேர் எடுக்கிறதப் பாக்கவா நாங்க வரோம்? உங்க தப்ப நீங்களே எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க, கண்டுபிடிச்சு என்ன பண்றீங்கன்னு பாக்கத்தான் வரோம். இதுதாங்க உங்ககிட்ட இருக்கிற நல்ல சாட்சி. இதப்போயி பாத்ரூம்ல பூட்டிட்டீங்களே."

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கப்பாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் விரிசல் ஒரே இடத்தில், கைப்பிடி ஒட்டிய இடத்தில். பிறகு கேட்க ஆரம்பித்தார். அவர் கேட்டதெல்லாம் 'ஏன்' மட்டும்தான்.

ஏன் அந்த இடத்தில் விரிகிறது? கப்பு காய்ந்த பிறகு ஈரக் கைப்பிடியை ஒட்டினால் அப்படித்தான் ஆகும், காயும்போது கைப்பிடி சுருங்கி இழுத்துக்கொள்ளும் என்றேன். ஏன் காய்ந்த பிறகு ஒட்டுகிறீர்கள்? கப் விடியற்காலையில் அடித்துவிடுகிறார்கள், ஃபேன் காற்றில் கிடக்கிறது, ஒட்ட நேரமாகிவிடுகிறது என்றேன். ஏன் நேரமாகிறது? பெண்கள் வேலையில் உட்கார நேரமாகிறது என்றேன். ஏன், பஸ் தாமதமா?

"பஸ்ஸெல்லாம் கரெக்டா வந்துருதும்மா" என்றார் செல்லக்கிளி அக்கா. எந்தப் பக்கமும் சாயாத குரலில்தான் சொன்னார்.

மேடம் என்னைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். கோவிந்தன் அண்ணன் பூசணிக்காயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானே சொல்ல வேண்டியிருந்தது.

"காலையில ஒரு கூட்டம் நடத்துறேங்க மேடம். தரக் கூட்டம்."

"எவ்வளவு நேரம்?"

"உடைசல் கூடக்கூட நீட்டிக்கிட்டே வந்தேன்."

மேடம் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, பரிதாபம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் தரம், தரம் என்று கத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பக்கம் ஃபேன் காற்றில் கப்பு காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. சூளையை அணைக்கப் பார்த்தது மண்ணும் இல்லை, கண்ணும் இல்லை. நான். அப்படி ஒரு கேவலத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. தனியாகப் போய் அழலாம் என்றாலும் அழ இடமில்லை. பாத்ரூம் பூராவும் கப்பு.

மேடம் மேஜர் என்று எழுதினார். ஆடிட் பாஷையில் மேஜர் என்றால் இப்போதைக்குச் சான்றிதழ் கிடையாது, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். என் சுடிதாரைப் போட்டுக்கொண்டே எனக்குத் தீர்ப்பு எழுதினார். நானே தேய்த்து மடித்து வைத்திருந்த சுடிதார். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது அதன் பித்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு மாமனார் சிதறிக் கிடந்த கப்புகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. கடைசியில் வந்து, "நாளையிலேர்ந்து அந்தப் பொம்பளைங்க பஸ்ஸ வுட்டு எறங்குனதும் நேரா வேலைக்கி வுட்டுரும்மா" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பி நின்று, "நல்லா படிச்ச பொண்ணுதான்" என்றார். அதைச் சொன்னது என்னிடமா சுவரிடமா என்று தெரியவில்லை.

கூட்டத்தை நிறுத்தினேன். விரிசலும் நின்றது. அவ்வளவு சுலபமாக அது நின்றதுதான் எனக்கு இன்னும் வலித்தது. 'குறையைக் களைய என்ன செய்தீர்கள்?' என்று ஆடிட் படிவத்தில் கேட்டிருந்த கட்டத்தில், 'தரக் கூட்டம் ரத்து செய்யப்பட்டது' என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். மறுபடி ஆடிட் நடந்து சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பெங்களூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை, வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகையில் பாதியை நெல் வியாபாரிக்கு விட்டோம். மீதிப் பாதியில் சூளை எரிகிறது. சின்னச் சின்ன ஆர்டர்கள் வருகின்றன. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கப் கூடவே வருகிறது. மூட்டைகளுக்கு நடுவில் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மயிரிழை விரிசல் விடும். அதை ஒட்ட இன்னும் பசை கண்டுபிடிக்கவில்லை.

குடும்பம் மட்டும் அந்த நாளை விடுவதாக இல்லை. கொழுந்தன் கல்யாணத்தில் பந்தி பரிமாற ஆட்களைப் பிரித்தபோது மாமனார் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொன்னார். "யாரு வேணா எந்த வேல வேணா செய்யுங்க. வாணி மட்டும் யாரையும் நிக்க வச்சிப் பேசக் கூடாது." பால் திரிந்தால் அத்தை என்னைத்தான் கேட்பார். மோட்டார் எரிந்தால் பாஸ்கர் கேட்பார். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

போன வாரம் தோசை மாவு புளிக்கவில்லை. நான் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஏன் இப்படி ஆச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். முதல் வகுப்பு படிக்கிற என் மகள் பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அந்த ஆடிட் நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. உள்ளே பார்த்து, என்னைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுக் கேட்டாள்:

"மாவுக்கு மீட்டிங் போட்டியாம்மா?"